முதலில் எழுத்தாக, பிறகு எண்ணாக: புவிவேதியியல் தரவை ஆர் மொழிக்குள் ஏற்றுவது

புவிவேதியியல் களஞ்சியம் ஒன்றிலிருந்து கோப்பைப் பதிவிறக்கி, ஆர் போன்ற புள்ளியியல் மென்பொருளுக்குள் ஏற்றுவது ஒரே கட்டளையில் முடிந்துவிடும் வேலை என்றுதான் பயிற்சிக் குறிப்புகள் பெரும்பாலும் சொல்லிச் செல்கின்றன. கட்டளை ஒரு வரிதான் என்பதில் பொய்யில்லை. எச்சரிக்கை எதுவும் வராமல், ஆயிரக்கணக்கான பாறை மாதிரிகள் அட்டவணையாகத் திரையில் வந்து நிற்பதும் உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் மென்பொருள் நம்மைக் கேட்காமலே பல முடிவுகளை எடுத்துவிடுகிறது. எது எண், எது எழுத்து, எது விடுபட்ட மதிப்பு, ஒரு வரிசை எங்கே முடிகிறது என்பவை எல்லாம் அங்கேயே தீர்மானமாகிவிடுகின்றன. பின்னால் நாம் வரையும் வரைபடங்களும் கணக்கிடும் ஒட்டுறவுகளும் அந்த முடிவுகளின் மேல்தான் நிற்கின்றன. ஆகவே எல்லா நெடுவரிசைகளையும் முதலில் வெறும் எழுத்தாகவே ஏற்றிக்கொண்டு, எண்ணாக மாற்றுவதைத் தனி வேலையாக, கண்ணுக்குத் தெரியும் வரிகளில் எழுதிச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இது வீண் சிரமம் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

தரவு எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எரிமலைப் பாறைகளின் வேதியியலைத் தேடுபவர்கள் முதலில் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று ஜியோராக்; ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தில் தொடங்கப்பட்டு, இப்போது கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லமான்ட்-டோஹர்ட்டி ஆய்வகத்தைச் சார்ந்து வளர்ந்தவை பெட்டிபியும் எர்த்கெமும். கடலடிப் படிவுகள் பற்றியதென்றால் பங்கேயா. மண் மாதிரிகளுக்கு அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் தொகுப்பு ஒரு நல்ல எடுத்துக்காட்டு: 1600 சதுர கிலோமீட்டருக்கு ஓர் இடம் என்ற அடர்த்தியில், 4857 இடங்களில், மூன்று ஆழங்களிலிருந்து மண் எடுத்து, 2013-இல் வெளியிட்டார்கள். இவை எல்லாமே இலவசம், எல்லாமே மதிப்பு மிக்கவை. ஒன்றின் கோப்பு வடிவம் மற்றொன்றைப் போல இருப்பதில்லை என்பதுதான் சங்கடம்.

பங்கேயாவின் கோப்பில் தரவுக்கு முன்னால் பல வரிகளுக்குத் தலைப்புரை ஒன்று இருக்கும். யார் எடுத்தது, எந்தக் கப்பல் பயணம், எந்தக் கருவி என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். ஜியோராக்கின் தொகுப்புக் கோப்புகளிலோ தரவு முடிந்த பிறகு, அதே கோப்பின் அடியில், மேற்கோள் பட்டியல் வரும். மென்பொருளுக்கு அது பட்டியல் என்று தெரியாது. அதையும் மாதிரிகளாகவே எண்ணி, முதல் நெடுவரிசையில் நீளமான நூற்குறிப்புகளும் மற்றவற்றில் வெற்றிடமும் கொண்ட வரிசைகளாக அட்டவணையின் வாலில் ஒட்டிவிடும். அட்டவணையின் தலையைப் பார்ப்பதுபோல வாலையும் பார்ப்பவர்களுக்கு இது உடனே கண்ணில் படும். தலையை மட்டும் பார்த்துத் திருப்தியடைவது பரவலான பழக்கம் என்பதால் சொல்கிறேன்.

இனி மென்பொருள் தானாக எடுக்கும் முடிவுகளுக்கு வருவோம். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, பிடித்தது என்று சொல்லலாமென்றால், சோடியத்தின் கதை. ஆர் மொழியில் விடுபட்ட மதிப்பைக் குறிக்கும் அடையாளம் என், ஏ என்ற இரண்டு பெரிய எழுத்துகள். தனிமங்களின் பெயர்களை முழுவதும் பெரிய எழுத்திலேயே எழுதும் கோப்புகளில் சோடியத்தின் குறியீடும் அதே இரண்டு எழுத்துகள்தான். ஒரு மாதிரிக்கு ஒரு வரிசை என்று இல்லாமல், ஓர் அளவீட்டுக்கு ஒரு வரிசை என்று நீளவாக்கில் அமைந்த கோப்பை ஏற்றும்போது, தனிமத்தின் பெயர் ஒரு நெடுவரிசையில் தரவாகவே வந்து நிற்கும். அங்கே சோடியம் வரும் ஒவ்வொரு இடமும் வெற்றிடமாகிவிடும். அடுத்த வரியில் வெற்றிடமுள்ள வரிசைகளை நீக்கும் கட்டளையும் இருந்தால், தொகுப்பிலிருந்து சோடியம் சுவடில்லாமல் போய்விடும்; மற்ற தனிமங்கள் எல்லாம் சரியாக இருப்பதால் எவருக்கும் ஐயம் வராது. நெடுவரிசையை எழுத்தாக ஏற்றச் சொன்னாலும் இது தீராது, ஏனென்றால் விடுபட்ட மதிப்பைத் தேடும் வேலை எழுத்து நெடுவரிசைகளிலும் நடக்கிறது. எதையும் விடுபட்டதாகக் கருதாதே என்று தனியாகச் சொல்ல வேண்டும். பைத்தானின் பாண்டாஸ் நிரல்தொகுப்பும் இதே இரண்டு எழுத்துகளை இயல்பாகவே விடுபட்டதாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே மொழியை மாற்றித் தப்பிக்க முடியாது.

மேற்கோள் குறிகள் இன்னொரு இடம். ஆர் மொழியின் பொதுவான அட்டவணைக் கட்டளை, இரட்டை மேற்கோள் குறியைப் போலவே ஒற்றை மேற்கோள் குறியையும் எழுத்துத்தொடரின் தொடக்கமாக எண்ணுகிறது. ஹவாய் என்பதை அவ்வூர் மொழி முறைப்படி எழுதினால் இடையில் ஒரு காற்புள்ளி மேலே தொங்கும். டேப் இடைவெளியிட்ட கோப்பில் அந்தக் குறியைக் கண்டதும், அடுத்த ஒற்றைக் குறி வரும்வரை உள்ள அத்தனை வரிசைகளையும் ஒரே செல்லுக்குள் விழுங்கிவிட இந்தக் கட்டளையால் முடியும். அதே கட்டளைக்கு ஹாஷ் குறியைக் கண்டாலும் பிரச்சினைதான்: அதற்குப் பின் உள்ளவை குறிப்புரை என்று அந்த வரியை அங்கேயே வெட்டிவிடும்; மாதிரி எண்களில் ஹாஷ் குறி போடும் ஆய்வகங்கள் உண்டு. கோப்பில் உள்ள வரிகளின் எண்ணிக்கையையும் ஏற்றிய அட்டவணையின் வரிசைகளின் எண்ணிக்கையையும் ஒப்பிடுவது சில நொடி வேலை. அதைச் செய்யாமல் மேலே போகக்கூடாது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

எக்ஸெல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது மாதிரி எண்களைத் தேதிகளாக்கும் கதை ஊரறிந்தது. ஆனாலும் புவிவேதியியலுக்கே உரிய ஒரு வேடிக்கை இதில் இருக்கிறது. நடு அட்லாண்டிக் முகட்டின் ஆங்கிலச் சுருக்கம் மார். அங்கே எடுத்த பன்னிரண்டாவது மாதிரிக்கு மார்-12 என்று பெயரிட்டு, அந்தக் கோப்பை எக்ஸெலில் ஒருமுறை திறந்து சேமித்தால், அது மார்ச் 12 ஆகிவிடும். 2024-ஆம் ஆண்டில் திறந்திருந்தால் உள்ளே 45363 என்ற எண்ணாக உட்கார்ந்திருக்கும். எண்களுக்கு நடுவே ஆங்கில ஈ எழுத்து வரும் மாதிரிப் பெயர்கள் பத்தின் அடுக்குகளாகும். முன்னால் உள்ள பூச்சியங்கள் உதிரும். இதற்கு மருந்து ஒன்றுதான்: பதிவிறக்கிய கோப்பை எட்டிப் பார்ப்பதற்குக்கூட எக்ஸெலில் திறக்காமல், சாதாரண உரைத்திருத்தியில் பார்க்க வேண்டும். களஞ்சியமே எக்ஸெல் கோப்பாகத்தான் தருகிறது என்றால், அதைப் படிக்கும் ரீட்எக்ஸெல் தொகுப்பு, முதல் 1000 வரிசைகளை வைத்து நெடுவரிசையின் வகையை ஊகிக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். பிளாட்டினம், இரிடியம் போன்றவற்றை அளந்த மாதிரிகள் சொற்பம். அந்த நெடுவரிசைகள் ஆயிரம் வரிசைகளுக்கும் வெறுமையாகவே இருந்தால், அதை உண்மை, பொய் என்ற தர்க்க வகையாக ஊகித்துக்கொண்டு, பின்னால் வரும் அரிய அளவீடுகளையும் அந்த அச்சிலேயே வார்த்துவிடும். தேடிக் கிடைத்த இரிடியம் அளவுக்குப் பதிலாக 'உண்மை' என்ற சொல் மிஞ்சும்.

எழுத்துக் குறியாக்கம் சிறிய விஷயம்தான். ரீயூனியன், காலபகஸ் போன்ற பெயர்களில் வரும் மேற்குறிகள் சிதைந்து தெரிந்தால், கோப்பு பழைய லத்தீன் குறியாக்கத்தில் இருக்கிறது என்று பொருள், அதைச் சொல்லி ஏற்றினால் சரியாகிவிடும். அலகுகளில் வரும் மைக்ரோ குறி மட்டும் கொஞ்சம் விஷமமானது. யூனிகோடில் மைக்ரோ குறி என்று ஓர் எழுத்தும், கிரேக்க மியூ என்று வேறோர் எழுத்தும் உள்ளன. திரையில் இரண்டும் ஒன்றே போலத் தெரியும். மென்பொருளுக்கு இரண்டும் வெவ்வேறு. கிராமுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற அலகின்படி வடிகட்டும்போது பாதித் தரவு வராமல் போனால், இதையும் பார்க்க வேண்டும்.

இப்போது, மேலே சொன்னவற்றை எல்லாம் சேர்த்தாலும் ஈடாகாத அளவுக்கு முக்கியமான ஒன்று: கண்டறிதல் எல்லை. ஓர் ஆய்வகம் ஆர்செனிக்கை 0.5 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் அரைப் பங்கு, வரைதான் நம்பிக்கையோடு அளக்க முடியும் என்றால், அதற்குக் கீழே இருப்பதைச் சிறியதன் குறியோடு 0.5 என்று எழுதும். இது அளவீடு கிடைக்கவில்லை என்று பொருளல்ல. அளந்தோம், இருப்பது இதற்குக் குறைவு என்று உறுதியாகச் சொல்லும் தகவல். அந்தச் சிறிய குறி ஒரே ஒரு செல்லில் இருந்தாலும், நெடுவரிசை முழுவதும் எழுத்தாகிவிடும். 2020 ஏப்ரலில் ஆர் 4.0.0 வரும்வரை நிலைமை இன்னும் மோசம். எழுத்து நெடுவரிசைகளை மென்பொருள் இயல்பாகவே வகைப்பாடுகளாக மாற்றிவைக்கும். அதை எண்ணாக்கு என்று கட்டளையிட்டால், உள்ளே இருந்த மதிப்பைத் தராமல், வகைகளை அகரவரிசையில் அடுக்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று அதுவே கொடுத்த வரிசை எண்களைத் தரும். பழைய நிரல்களை இன்றும் எடுத்துப் பயன்படுத்துபவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். ஆர்செனிக் 17 பிபிஎம், 42 பிபிஎம் என்று பார்ப்பதற்கு நம்பத்தகுந்த எண்களாகவே அவை தோன்றும் என்பதுதான் இதில் அபாயம். அபத்தமான எண்ணாக இருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்.

இன்றைய பதிப்பில் எண்ணாக்கும் கட்டளை, அந்தச் செல்களை விடுபட்டவையாக்கி, ஓர் எச்சரிக்கை வரியைக் காட்டிவிட்டுப் போகும். இதுவும் சரியல்ல. குறைந்த மதிப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து நீக்கிவிட்டுச் சராசரி எடுத்தால் அது மேல்நோக்கித்தான் போகும். அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் பழைய தொகுப்புகளில் வேறொரு வழக்கம் உண்டு: 5 பிபிஎம்முக்குக் குறைவு என்பதை −5 என்று எழுதுவது. எண்ணாக ஏற்றுவதற்கு இது எந்த இடையூறும் செய்யாது. நெடுவரிசை எண்ணாகவே வரும், சராசரியும் வரும், அந்தச் சராசரி பொருளற்றதாக இருக்கும். மடக்கை எடுக்கும்போதுதான் மென்பொருள் முணுமுணுக்கும். இன்னும் சில தொகுப்புகளில் பூச்சியம் இருக்கும். அது அளக்கவில்லை என்பதா, அளந்து கிடைக்கவில்லை என்பதா என்பதை அந்தத் தொகுப்பின் விளக்கக் குறிப்பைப் படித்தால்தான் தெரியும்.

எல்லையில் பாதியைப் போட்டுவிடலாம் என்ற வழக்கம் துறையில் வேரூன்றியிருக்கிறது. ஓர் ஆய்வகத்தின் எல்லை 0.5, மற்றொன்றின் எல்லை 5 என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆய்வகம் உண்மையாகவே அளந்து 0.8 என்று சொன்ன மாதிரிக்கு மேலே, இரண்டாம் ஆய்வகம் காணவே இல்லை என்று சொன்ன மாதிரி 2.5 என்ற மதிப்போடு ஏறி உட்காரும். இதை வரைபடத்தில் நிறமிட்டுப் பார்த்தால் இரண்டு ஆய்வகங்களின் பணிப்பரப்புக்கு இடையே ஓர் எல்லைக்கோடு தெரியும். அதைப் புவியியல் எல்லை என்று விளக்க ஆசை வரும். புள்ளியியலாளர் டென்னிஸ் ஹெல்செல் இந்தப் பாதிமதிப்பு முறைக்கு எதிராக நெடுங்காலம் வாதாடியவர். மருத்துவத்தில் நோயாளிகளின் ஆயுட்காலத்தைக் கணிக்கப் பயன்படும் காப்லன்-மையர் முறையைத் திருப்பிப்போட்டு, எல்லைக்குக் கீழான மதிப்புகளுக்குப் பயன்படுத்தலாம் என்று அவர் காட்டிய வழிகள் ஆர் மொழியில் நாடா என்ற தொகுப்பாகக் கிடைக்கின்றன. ஆனால் அந்தத் தொகுப்பு ஒவ்வொரு மதிப்பிற்கும் இரண்டு செய்திகளைக் கேட்கும்: எண் என்ன, அது எல்லைக்குக் கீழானதா. ஏற்றும்போதே அந்தச் சிறிய குறியைத் தொலைத்துவிட்டவரிடம் இரண்டாவது செய்தி இருக்காது.

அதனால்தான் எழுத்தாக ஏற்றச் சொல்கிறேன். எழுத்தாக வந்த நெடுவரிசையில் எண்ணாக மாற மறுக்கும் செல்களை மட்டும் பிரித்தெடுத்து, எந்தெந்த வடிவங்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பார்த்தால், அந்தத் தொகுப்பின் குணம் முழுவதும் ஒரு சிறிய பட்டியலில் தெரிந்துவிடும். சிறியதன் குறியோடு சில, மாதிரி போதவில்லை என்பதற்கான சுருக்கம், மாதிரி எடுக்கப்படவில்லை என்பதற்கான சுருக்கம், புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி போட்ட ஐரோப்பிய தசமங்கள், எங்கோ தப்பிவந்த ஒரு கேள்விக்குறி. ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று ஒரு வரி எழுதி, ஒரு தனிமத்திற்கு மதிப்பு, எல்லைக்குக் கீழா என்ற குறி, எல்லையின் அளவு என்று மூன்று நெடுவரிசைகளாகப் பிரித்துவைப்பேன். அட்டவணை அகலமாகும், ஆகட்டும்.

அலகுகள் அடுத்தது. முதன்மைத் தனிமங்களை ஆக்சைடுகளாக எடைச் சதவீதத்திலும், சுவடுத் தனிமங்களை பிபிஎம்மிலும் சொல்வது மரபு. ஒரே தனிமம் இரண்டு விதமாகவும் வரும்: டைட்டானியம் ஆக்சைடு 1 சதவீதம் என்பது டைட்டானியமாக ஏறத்தாழ 5993 பிபிஎம். இந்த மாற்றத்தில் பத்தாயிரத்தால் பெருக்கினால் போதும் என்று நினைத்து ஆக்சிஜனின் எடையைக் கழிக்க மறந்தால், எண் ஏறத்தாழ 1.67 மடங்காகிவிடும். எல்லாவற்றிலும் சிக்கலானது இரும்பு. ஜியோராக் கோப்பில் இரும்புக்குப் பல நெடுவரிசைகள் உண்டு: மும்மை இரும்பு ஆக்சைடு, இருமை இரும்பு ஆக்சைடு, மொத்த இரும்பையும் ஏதோ ஒன்றாகச் சொல்லும் நெடுவரிசைகள். ஒரே மாதிரிக்கு இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை நிரம்பியிருக்கலாம். மொத்த இரும்பு மும்மை ஆக்சைடாக 12.00 என்றால், 0.8998-ஆல் பெருக்கி இருமை ஆக்சைடாக 10.80 என்று கொள்ள வேண்டும், இரண்டையும் கூட்டிவிடக்கூடாது. இதைச் சோதிக்க எளிய வழி, எரிப்பு இழப்பையும் (மாதிரியைச் சூடாக்கும்போது குறையும் எடையையும்) சேர்த்து ஆக்சைடுகளைக் கூட்டிப் பார்ப்பது. நல்ல பகுப்பாய்வில் கூட்டுத்தொகை நூறையொட்டி நிற்கும். 110-ஐ ஒட்டி ஒரு கூட்டம் தெரிந்தால், அங்கே இரும்பை இருமுறை எண்ணியிருக்கிறோம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அலகு ஒன்றாக இருந்தாலும் அளந்த முறை வேறாக இருந்தால் எண்கள் ஒப்பிடத் தக்கவை அல்ல. சிர்க்கான் கனிமம் அமிலங்களில் எளிதில் கரையாது. மண்ணை இராஜ திராவகம் என்னும் அமிலக் கலவையில் கரைத்து அளந்தாலும், நான்கு அமிலங்களில் கரைத்து அளந்தாலும்கூட, சிர்க்கோனியத்தின் ஒரு பகுதி கரையாமல் வண்டலில் தங்கிவிடும். எக்ஸ் கதிர் ஒளிர்தல் முறையில் கரைக்கும் தேவையே இல்லை என்பதால் முழு அளவும் வரும். குரோமைட்டில் சிக்கிய குரோமியத்திற்கும் இதே நிலைதான். இந்த இரண்டு வகை எண்களையும் ஒரே நெடுவரிசையில் அடுக்கிச் சராசரி எடுப்பதில் அர்த்தமில்லை. முறையைச் சொல்லும் நெடுவரிசை பெரும்பாலும் நீளமாக, ஒழுங்கற்று, பார்க்கவே சலிப்பூட்டுவதாக இருக்கும். எண்களை மட்டும் வைத்துக்கொண்டு அதை நீக்கிவிடுவது பலருடைய முதல் வேலை. என்னைக் கேட்டால் கடைசியாக நீக்க வேண்டியதும் அதுதான்.

ஒரே மாதிரி இரண்டு கட்டுரைகளில் வெளியாகி இரண்டு வரிசைகளாக வருவதும், கருவியைச் சரிபார்க்க அளக்கும், வேதியியல் ஏற்கெனவே தெரிந்த பிஎச்விஓ-2 போன்ற நியமப் பொருள்களின் அளவீடுகள் உண்மையான மாதிரிகளோடு கலந்து நிற்பதும் வழக்கம். பெயரை மட்டும் வைத்து இரட்டைகளை நீக்க முடியாது, ஏனென்றால் ஏ-1 என்று பெயரிடாத ஆய்வாளர் இல்லை. பெயர், ஆயத்தொலைவு, மேற்கோள் எண் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உலகளாவிய மாதிரி எண் கொடுத்திருந்தால் அதுவே போதும்.

இத்தனையும் முடிந்த பிறகே புள்ளியியல் தொடங்குகிறது. அங்கேயும் இந்தத் தரவுக்கென்று ஒரு குணம் உண்டு. சதவீதங்களின் கூட்டுத்தொகை நூறு என்று கட்டுண்டிருப்பதால், சிலிக்கா கூடினால் மற்றவை குறைந்தே தீர வேண்டும். அந்த எதிர் ஒட்டுறவில் பாறைக்குப் பங்கு எவ்வளவு, கணக்குக்குப் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. விகிதங்களில் தோன்றும் போலி ஒட்டுறவைப் பற்றி கார்ல் பியர்சன் 1897-லேயே எச்சரித்தார். ஃபெலிக்ஸ் சேயஸ் 1960-இல் அதைப் பாறையியலுக்குக் கொண்டுவந்தார். ஜான் ஐச்சிசன் 1980-களில் மடக்கை விகிதங்கள் என்ற தீர்வைத் தந்தார். ஆர் மொழியில் இதற்கான தொகுப்புகள் நன்றாகவே உள்ளன. ஆனால் பூச்சியத்திற்கு மடக்கை இல்லை. ஆகவே ஏற்றும்போது கண்டறிதல் எல்லையை என்ன செய்தோம் என்ற கேள்வி இங்கே மறுபடி வந்து நிற்கிறது. எல்லையின் அளவைத் தனி நெடுவரிசையில் வைத்திருப்பவர், எல்லைக்குக் கீழான பூச்சியங்களை அந்த எல்லையைக் கொண்டே மதிப்பிடும் சீகம்பொசிஷன்ஸ் போன்ற தொகுப்பிடம் அதை அப்படியே கொடுத்துவிடலாம்.

களஞ்சியங்கள் கோப்புகளைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன. ஆகவே பதிவிறக்கிய மூலக் கோப்பை எழுத முடியாதபடி பூட்டி, பதிவிறக்கிய நாள், தொகுப்பின் நிலையான அடையாளமான டிஓஐ எண், கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் எம்டி5 கைரேகை மூன்றையும் பக்கத்தில் ஒரு சிறிய உரைக்கோப்பில் எழுதிவைக்கிறேன். மேற்கோள் எண்களின் நெடுவரிசையை இறுதிவரை கொண்டுபோகிறேன், ஏனென்றால் களஞ்சியத்தை மட்டும் குறிப்பிட்டுவிட்டு, மாதிரியை எடுத்து அளந்தவரின் பெயரை விட்டுவிடுவது நியாயமல்ல. புதிய பதிப்பு வந்தால் அதே நிரலை மறுபடி ஓட்டுவேன். எண்ணாக மாறாத செல்களின் பட்டியலில், நான் முன்பு விதி எழுதாத வடிவம் ஒன்று புதிதாக வந்திருந்தால், நிரல் அந்த வரியிலேயே நின்றுவிடும்படி எழுதியிருக்கிறேன். நின்றால், அந்தச் செல் எந்த மாதிரியுடையது என்று பார்த்து, அதற்குரிய விளக்கக் குறிப்பைத் தேடிப் படித்து, ஒரு வரி சேர்த்துவிட்டு மேலே போகிறேன்.